தாருக்குள் துரு

அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது. இருட்டுவதற்குள் முதல் பனி இறங்கிவிடும் என்று வானொலியில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாலைக்காரர்களின் லாரிகள் உப்பை வாரி நிரப்பிக்கொண்டு உப்புக் கிடங்கு வாசலில் வரிசைகட்டி நின்றன. பனியை உருக்க இன்று கொட்டும் உப்பு இனி ஏப்ரல் வரைக்கும் சாலையை விட்டுப் போகாது. வண்டிகளின் அடிவயிற்றையும் துருவேற்றாமல் விடாது.

அதனால் பெல்ரிவ் ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லூசெட் பெல்ட்டியேயின் ஞாபகம் வந்துவிட்டது. ஆற்றங்கரைச் சாலையில் உருளைக்கிழங்குக் கிட்டங்கியைத் தாண்டியதும் வரும் தகரக் கொட்டகைதான் அவளுடைய பட்டறை. வண்டிக்கு அடியில் எண்ணெய் அடிப்பது மட்டும்தான் அங்கே வேலை. வேறு எதுவும் செய்ய மாட்டாள். இன்ஜினில் கோளாறு என்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவாள். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பைக் கலந்த எண்ணெய் அது. என்றைக்கும் காயாது. இரும்பின் இடுக்குகளில் தானே ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு மாதத்துக்குச் சொட்டும். வீட்டு வாசலைக் கறையாக்கும். ஈர ஆட்டு மந்தை நாற்றம் அடிக்கும். வருடா வருடம் திரும்ப அடிக்கவும் வேண்டும். ஐம்பத்தெட்டு வயது லூசெட் மளிகைக் கடைக்குள் நுழைந்தால், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்கள்கூட அவள்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடித்து முடித்த வண்டியின் கதவோரத்தில் வருடத்தைக் குறித்துப் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வில்லை ஒட்டுவாள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் அந்த வில்லைகள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். வரிசையாகப் பத்து வில்லை இருந்தால் குனிந்து அடியில் பார்க்கக்கூட மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய வெட்கம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவள் பக்கத்து டவுனில் கார் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தாள். புது வண்டிகளுக்கு அடியில் கறுப்புத் தார் அடிப்பது அவள் வேலை. ஆறு வருடம் அடித்தாள். பிறகு கல்யாணம், வேறு வேலை என்று நாள் ஓடிவிட்டது. ஒரு வசந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின், பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டி சாலை நடுவில் முதுகு ஒடிந்து நின்றது. உதவப் போனவள் அடியில் குனிந்து பார்த்தாள். அவள் கையால் அடித்த தார் அப்படியே பளபளவென்று இருந்தது. விரலால் அழுத்தினாள். முட்டை ஓடு போலத் தார் உடைந்து, உள்ளேயிருந்து தவிடு தவிடாகத் துரு கொட்டியது. மயிரிழை போன்ற ஒரு கீறல் போதும். அதன் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், தார் அதைக் காயவிடாமல் பொத்தி வைத்துக்கொள்ளும். மேலே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அன்று முதல் பல இரவுகள் அவள் மனத்துக்குள் தான் தாரடித்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயின. அடுத்த வருடம்தான் இந்தக் கொட்டகையைத் திறந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அன்றைய கடைசி வண்டியை அனுப்பிவிட்டு, அடுப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே இரண்டு முறை ஹாரன் அடித்தது. யாரென்று பார்க்காமலே தெரிந்தது. அப்படி அடிக்கும் ஆள் ஊரில் ஒருவர்தான்.

அர்மான் டேகல். எழுபது வயது. காட்டில் மரம் வெட்டியே தோள் அகன்றுபோன மனிதர். இடது இடுப்பில் நோவு. பதினெட்டு வருடம் தவறாமல் லூசெட்டிடம் எண்ணெய் அடித்தவர், மூன்று வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கெழட்டுக் கரடி குகைய விட்டு வெளிய வந்துருச்சே! வழி ஞாபகம் இருந்துச்சா?"

"வழி அப்படியேதான் இருக்கு. நீதான் ரெண்டு சுத்துப் பெருத்துட்ட."

"எண்ணெய்க் கையோட இருக்கேன். வாயக் குடுக்காத. என்ன விஷயம்?"

"வண்டிக்கு அடிக்கணும். இப்பவே."

"இப்பவேவா? திங்கக்கிழமையிலேர்ந்து நாப்பத்து மூணு பேர் பேர் எழுதி வச்சிட்டுக் காத்திருக்காங்க. நீ ஹாரன் அடிச்சா நான் ஓடி வரணுமா?"

அர்மான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நாலு மணிக்கு ஒரு பொண்ணு பாக்க வருது. வண்டிய விக்கிறேன்."

லூசெட் விறகைக் கீழே போட்டாள். அர்மான் அந்தச் சிவப்பு பிக்கப்பை விற்பதா! மகன் தெற்கே வேலை தேடிப் போனபோதுகூட இவ்வளவு வருத்தமாக அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"யாரு வாங்குறது?"

"ஷான்தல். புதுசா வந்திருக்கே, வீடு வீடாப் போய் மருந்து குடுக்குற நர்ஸ். உன் வில்ல இருக்கான்னு கேட்டுச்சு. பதினெட்டு இருக்குன்னேன். அப்பறம் என்னாச்சுன்னு கேட்டுச்சு. இந்த வருஷத்துது இன்னைக்கு ஒட்டிருவோம்னு சொல்லிட்டேன். இங்கதான் வரச் சொல்லியிருக்கேன்."

மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டையும் வில்லையைப் பற்றியதுதான். மகனுடைய வண்டிக்கு எண்ணெய் அடிக்காமலே ஒரு வில்லை கேட்டார் அர்மான். முடியாது என்றாள். 'உன் வில்ல என்ன கோயில்ல குடுக்குற அப்பமா?' என்று கத்திவிட்டுப் போனவர், அதோடு டவுனுக்குப் போய், வாழ்நாள் முழுக்கக் கெடாது என்று விற்ற தாரை அடித்துக்கொண்டார். அது ஊருக்கே தெரியும்.

"தாருக்கு மேல எண்ணெய் அடிச்சா பிரயோஜனமில்ல. இருந்தாலும் ஏத்து, பாப்போம்" என்றாள்.

அர்மான் வண்டியை உள்ளே கொண்டுவந்தார். பின்தொட்டியில் குளிர்காலப் பாரத்துக்காக மணல் மூட்டைகளை இப்போதே அடுக்கியிருந்தார். வண்டி தூக்கும் லிஃப்டின் இரண்டு தூண்களிலிருந்தும் நீண்ட நான்கு இரும்புக் கைகளைச் சேஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, அடியில் பொருத்தி, லூசெட் வண்டியை நெஞ்சளவுக்குத் தூக்கினாள். அவளுக்கு முழங்கால் வலி. சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடிதான் இப்போதெல்லாம் வேலை செய்வாள். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் உருண்டு போனாள்.

"சுத்தியல் எதுக்கு? எண்ணெய அடிச்சு விடேன்" என்றார் அர்மான்.

 முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். நல்ல இரும்பு மணி போலப் பேசும். டிங். டிங். பழைய எண்ணெய் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கியர்பெட்டியைத் தாண்டியதும் சத்தம் மாறியது. டக். பின்சக்கரத்து வில்பட்டையைத் தாங்கும் கொண்டிக்குப் பக்கத்தில் வந்தபோது, சத்தமே வரவில்லை. ஈரத் துணியில் அடித்தது போலத் தொப்பென்றது. அங்கே தார் புத்தம் புதிதாக மின்னியது.

"இது எப்ப அடிச்சது?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி. டவுன்ல."

"டவுன்ல மெஷினால தெளிப்பாங்க. இதுல பிரஷ் முடி ஒட்டிட்டு இருக்கு, அர்மான்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பனி ஆரம்பிச்சிருச்சு."

லூசெட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் இருபத்தைந்து வருடப் பழக்கம் ஒன்று அவளுக்கு மறந்துபோனது. சத்தம் வராத இரும்பைக் கண்டால் முதலில் வண்டியைக் கீழே இறக்குவாள். அன்று இறக்கவில்லை. அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உடனே தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. சேஸின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. பதினெட்டு வருடம் எண்ணெய்க் குழாயை விட்ட அதே துளை. அதில் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் நுழைத்துத் தடவினாள். பஃப்ஸின் மேல்தோல் போல அடுக்கடுக்காகத் துரு உரிந்து வந்தது.

அப்போது காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

லிஃப்டின் பின்கை ஒன்று சேஸுக்குள் புதைந்துகொண்டிருந்தது. வண்டியின் இடது பின்பக்கம் மெல்ல, மிக மெல்ல, நான்கு விரல் உயரம் கீழே உட்கார்ந்தது. அழுகிய இரும்புப் பெட்டி நசுங்கி மடிந்தது. லூசெட்டின் மணிக்கட்டு அதற்குள்ளே இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. வலி தோள்பட்டை வரைக்கும் ஏறி, கண்ணில் பூச்சி பறந்தது. கையை இழுத்தாள். வரவில்லை.

அர்மான் சுவரிலிருந்த லிஃப்டின் கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தார்.

"தொடாத!" இப்போது குரல் வந்தது. "எறக்கின, மொத்தமும் என் மேல சரிஞ்சிரும். அந்தப் பக்கம் லிஃப்டோட முன்கையப் பாரு."

அவர் பார்த்தார். எதிர்ப்பக்க முன்கைக்கும் சேஸுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. வண்டி மூன்று கைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒன்று பொடியாகிக்கொண்டிருந்தது.

"கைய எடு, லூசெட்."

"எடுக்க முடிஞ்சா உன்ன ஏன் பாத்துட்டு உக்காந்திருக்கேன்? போன் பண்ணு."

அர்மான் சுவரோரம் போய்த் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டார். முதல் பனியில் மேட்டுச்சாலையில் ஏற்கெனவே ஒரு கார் கவிழ்ந்து, எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். அரைமணி நேரமாவது ஆகும் என்றார்கள். அவர் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது, வண்டி இன்னொரு முறை நொறுங்கிய குரலில் முனகியது. லூசெட்டின் மடியில் துரு கொட்டியது.

"அரைமணி நேரம் இது நிக்காது" என்றாள். அவள் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. "வெளிய விறகு இருக்கு. மரக்காரன்தானே நீ, அடுக்கு. பின்சக்கரத்துக்குக் கீழ. குறுக்கும் நெடுக்குமா."

அர்மான் ஓடினார். நோவெடுத்த இடுப்போடு அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அடுப்புக்கென்று பிளக்காமல் வைத்திருந்த உருட்டுக் கட்டைகளை மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார். இரண்டு கட்டை இப்படி, இரண்டு கட்டை அப்படி. ஒவ்வொன்றையும் வைத்ததும் உள்ளங்கையால் அழுத்தி ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடினால் எடுத்துத் திருப்பி வைத்தார். அவசரத்திலும் அந்த நிதானம் அவர் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் கட்டையின் விளிம்பை ஒவ்வொரு முறையும் அவர் விரலால் தடவித் தேடியதை லூசெட் கவனித்தாள்.

"கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அர்மான், என் கை உன் வண்டிக்குள்ள கெடக்கு. என்கிட்ட இனிமே பொய் சொல்லாத."

அடுத்த கட்டையை வைத்துவிட்டுத்தான் அவர் பேசினார். "நடுவுல கறுப்பா ஒரு பொட்டு. நேராப் பாத்தா மறைக்குது. வர்ற வசந்தத்துக்குப் பிறகு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் விக்கிறேன்."

"சேஸ் போனது எப்பத் தெரியும்?"

"ஜூன் மாசம். வாசல்ல ஒரு துண்டு விழுந்து கெடந்துச்சு. கை நீளம்."

"நீயே தார் வாங்கிப் பூசின."

"ஆமா."

"அந்தப் பொண்ணு இந்த வண்டியில ராத்திரி பகல்னு பாக்காம மேட்டுச்சாலையில போகும். தெரியுமில்ல?"

அவர் அடுத்த கட்டைக்காக வெளியே போனார். திரும்பி வந்தபோது தொப்பியிலும் தோளிலும் பனி இருந்தது. "ஒரு குளிர்காலம் தாங்கும்னு நெனச்சேன்" என்றார். "நெனச்சேன்னு சொல்றதுகூடப் பொய். நெனைக்காம இருந்தேன்."

சக்கரத்துக்கும் கட்டை அடுக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி பாக்கி இருந்தபோது காற்று வீசிக் கொட்டகைக் கதவு படாரென்று அடித்தது. பின்தொட்டியில் ஒரு மணல் மூட்டை சரிந்தது. வண்டி இன்னும் ஒரு விரல் இறங்கியது. லூசெட்டின் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம் மனிதக் குரல் போலவே இல்லை. அர்மான் கடைசிக் கட்டைகளைச் செருகிவிட்டு, ஒரு பலகைத் துண்டை இடைவெளியில் வைத்துச் சுத்தியலால் இறுக்கினார். சக்கரம் அதன் மேல் உட்கார்ந்தது. முனகல் நின்றது. வண்டி விழாது, ஆனால் கை இன்னும் வரவில்லை.

வெளியே ஜல்லியில் சக்கரம் உரசும் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"காரு கதவ அறைஞ்சு மூடாத!" என்று லூசெட் உள்ளேயிருந்து கத்தினாள்.

ஷான்தலுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். தோழியின் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு, வண்டி பார்க்கும் சந்தோஷத்தில் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு நொடிதான். கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, முட்டிபோட்டு லூசெட்டின் பக்கத்துக்கு வந்து, துளைக்கு வெளியே தெரிந்த முன்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"விரல அசைக்க முடியுதாம்மா?"

"ரெண்டு அசையுது. மத்ததத் தெரியல."

"எவ்வளவு நேரமா?"

"அரைமணி இருக்கும்."

அர்மான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "பொண்ணே, இந்த வண்டி அழுகிப்போனது. எனக்குத் தெரியும். தாரப் பூசி மறைச்சேன். உனக்கு விக்கத்தான் மறைச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஷான்தல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அர்மான் பின்னாளில் பேசியதே இல்லை.

"மொதல்ல கை" என்றாள் அவள். "அப்பறம் வண்டி. அதுக்கப்பறம் உங்ககிட்ட வரேன். டார்ச் இருக்கா?"

நசுங்கிய சேஸை ஒரு கட்டைவிரல் அளவு மேலே தூக்கினால் கை வந்துவிடும். ஜாக்கி இருந்தது. அதை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. அழுகிய இரும்பில் வைத்தால் அதுவும் புதைந்து, மிச்சமிருக்கும் கையையும் தின்றுவிடும். தார் எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக மூடியிருந்தது. பார்த்துச் சொல்ல முடியாது.

"சுத்தியல எடு" என்றாள் லூசெட். "கியர்பெட்டிக்குப் பின்னாடி குறுக்குச் சட்டம் இருக்கு. அதுல வலதுபக்கத்துலேர்ந்து தட்டிட்டு வா. மெதுவா. நான் கேக்குறேன்."

அர்மான் இன்னொரு கட்டை அடுக்கைக் கட்டிவிட்டு, மண்டியிட்டு அண்ணாந்து தட்டினார். டக்.

"இல்ல. இன்னும் முன்னாடி."

டக்.

"இல்ல."

லூசெட் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வியர்வை நெற்றியிலிருந்து இமைக்கு வழிந்தது. ஷான்தல் ஒரு கையால் டார்ச்சையும் மறு கையால் அவள் முழங்கையையும் தாங்கிப் பிடித்திருந்தாள். அடுப்பில் விறகு வெடித்தால்கூட மூவரும் திடுக்கிட்டார்கள்.

டிங்.

"இன்னொரு தடவ."

டிங்.

"பக்கத்துல?"

டிங்.

"அங்க வை. ஒரு நூல்கூட நகத்தாத."

கட்டை அடுக்கின் மேல் பலகை, பலகையின் மேல் ஜாக்கி. அர்மான் நெம்புகோலை அழுத்தினார். ஒரு அழுத்து. தார் விரிந்து பட்டை பட்டையாக உதிர்ந்தது. இரண்டாவது அழுத்து. எங்கோ ஒரு போல்ட் அறுந்து தரையில் உருண்டது. மூன்றாவது அழுத்தில் ஷான்தல், "இரும்பு அசையுது" என்றாள்.

"இப்ப சுருக்குனு இழுப்பேன். வலிக்கும்" என்று லூசெட்டிடம் சொன்னாள்.

"சொல்லிட்டிருக்காம இழு!"

நான்காவது அழுத்து. ஷான்தல் இழுத்தாள். தோல் கிழிந்து, துருவும் ரத்தமும் எண்ணெயுமாகக் கை வெளியே வந்தது. முக்காலி உருண்டு கவிழ்ந்தது. ஷான்தல் லூசெட்டின் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அர்மான் ஊர்ந்து வெளியே வந்தார். அவருடைய பூட்ஸ் வண்டிக்கு அடியைத் தாண்டிய அதே நேரத்தில் ஜாக்கி துள்ளிச் சாய்ந்தது. சேஸ் பின்கொண்டியோடு இரண்டாக மடிந்தது. வண்டியின் பின்பாதி பெரும் சத்தத்தோடு கீழே வந்து, கட்டை அடுக்கின் மேல் விழுந்தது. அடுக்கு ஒரு முறை அதிர்ந்தது. நின்றது.

தகரக் கூரையிலிருந்து தூசி இறங்கிக்கொண்டே இருந்தது.  சிவப்பு பிக்கப் முட்டி மடக்கிய மாடு போலக் கிடந்தது.

தீயணைப்பு ஆட்கள் வந்தபோது லூசெட் அடுப்பருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். கை பலகைத் துண்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வந்தவர்களில் ஒருவன் கட்டை அடுக்கைச் சுற்றி வந்து, "யாரு அடுக்கினது இத? ஒண்ணுகூட நழுவல" என்றான். 

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. சுண்டுவிரலின் நரம்பு அறுந்திருந்தது. அது இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை லூசெட் வீட்டுக்கு வந்தாள். மரலாரியோடு வெளியூர் போயிருந்த கணவர் ரெமி அவசரமாகத் திரும்பி வந்திருந்தார். ஆற்றங்கரைச் சாலை முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நாப்பத்து மூணு வண்டி" என்றாள் லூசெட், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"வேற எங்கயாவது போகட்டும்" என்றார் ரெமி.

"வேற எங்க? தாரடிக்கவா?"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியே ஹாரன் கேட்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம்தான் கேட்டது. அர்மான் நடந்தே வந்திருந்தார், மூன்று மைல். கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"என்ன செய்யணும்னு சொல்லு. செய்றேன்" என்றார்.

ரெமி கதவை மூடப் போனார். லூசெட் தடுத்தாள். அவள் அர்மானை வெகுநேரம் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது உண்மையாகவும் இருந்திருக்காது. இரவில் அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்டு இரண்டு முறை எழுந்து உட்கார்ந்திருந்தாள். வேலை கிடக்கிறதே என்பது மட்டும்தான் நிஜமாக இருந்தது.

"மேல் சட்டைய மாத்து. அந்தச் சட்ட நாறிப்போயிரும்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. லூசெட் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அர்மான் அடியில் படுத்துச் செய்தார். இப்போது லிஃப்டோடு கூடவே நான்கு பக்கமும் கட்டை அடுக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்று விதி. எண்ணெய்க் குழாயைத் துளைக்குள் விட்டுத் தடவித் தடவி அடிக்கும் வேலைக்குக் கண் அவ்வளவு தேவைப்படவில்லை. ஆனால் தட்டும் சுத்தியலை லூசெட் அவரிடம் கொடுக்கவில்லை. இடது கையால் தானே தட்டினாள்.

முதல் நாள் வந்த ஆள், கிட்டங்கி மேலாளர், அவள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"லிஃப்ட் வழுக்கிருச்சு" என்றார் அர்மான், அடியிலிருந்து.

"சரியாச் சொல்லு" என்றாள் லூசெட்.

எண்ணெய்க் குழாயின் இரைச்சல் நின்றது.  பிறகு அர்மான் வெளியே ஊர்ந்து வந்து, எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: ஜூன் மாதத் துண்டு, பிரஷ், நர்ஸ், எல்லாவற்றையும். மேலாளர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வண்டிக்காரனும் கேட்டான். அதற்கடுத்தவளும் கேட்டாள். நவம்பர் முழுக்க, நாற்பத்து மூன்று பேரிடமும் அர்மான் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. கடைசியில் ஒரே வரிதான் மிஞ்சியது: "அழுகின வண்டியத் தாரால மூடி விக்கப் பாத்தேன், அது இவ கையத் தின்னிருச்சு." சிலர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் வண்டியை எடுக்க வரும்போது அவருக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்தார்கள்.

ஷான்தல் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பழைய பச்சை பிக்கப்போடு வந்தாள். அவளுடைய மாமா வழியில் கிடைத்தது. வாங்குவதற்கு முன் லூசெட் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். லூசெட் முன்னிருந்து பின் வரை தட்டினாள். பின்பக்கம் ஒரே ஒரு இடத்தில் நின்று, மறுபடி தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிறகு தலையாட்டினாள்.

"அஞ்சு வருஷம் ஓடும். வருஷா வருஷம் கொண்டுவரணும்."

அர்மான் சுவரோரம் நின்றிருந்தார். ஷான்தல் அவரிடம் போனாள். அவளுக்குப் பாக்கி இருந்த பேச்சை இப்போது பேசப்போகிறாள் என்று லூசெட் நினைத்தாள். ஷான்தல் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இமையை விரலால் உயர்த்திப் பார்த்தாள்.

"நடுவுல மட்டும்தான் மறைக்குதா? ஓரத்துல தெரியுதா?"

"தெரியுது."

"செவ்வாக்கிழம உங்க வீட்டு வழியாத்தான் வருவேன். டாக்டர் குடுத்த மருந்த ஒழுங்கா எடுக்குறீங்களான்னு பாப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கோவம் போகல. அது வேற."

"போகக் கூடாது" என்றார் அர்மான்.

சிவப்பு வண்டியைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போனான். வசந்தத்தில் அர்மானின் ஓட்டுநர் உரிமம் முடிந்தது. அவர் புதுப்பிக்கப் போகவில்லை. லூசெட்டின் கைக்கட்டு அதற்கு முன்பே பிரிந்திருந்தது. மடங்காத சுண்டுவிரலோடு அவள் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த அக்டோபர் முதல் வாரம், காலை ஏழு மணிக்கு முன்பாகவே, லூசெட் தன் வண்டியை அர்மான் வீட்டு வளைவில் நிறுத்தினாள். அவர் ஏற்கெனவே சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார், சாப்பாட்டுப் பெட்டியோடு, பழைய சட்டையோடு.

"ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றார் ஏறிக்கொண்டே.

"கதவ மெதுவாச் சாத்து" என்றாள் லூசெட்.